நாற்பது நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு குடலிறக்கம், ஒரு சிசேரியன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூடினேன். அவ்வளவுதான். எலும்பு டாக்டர் அவசரப் பிரிவுக்குக் கூப்பிட்டுவிட்டார். நர்ஸுகள் அவருக்குச் சுத்தியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

கட்டிலில் ஒரு பெண், இருபத்துநாலு வயது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கிறது. உடைந்து இரண்டு நாள் ஆகிறதாம். அந்த இரண்டு நாளும் அதே காலால் நடந்து சமைத்திருக்கிறாள், துணி துவைத்திருக்கிறாள். காயத்திலிருந்து வாடை வந்த பிறகுதான் புருஷன் ஆட்டோ பிடித்திருக்கிறான். லாரிப் பட்டறையில் மெக்கானிக். நகத்தில் எண்ணெய்க் கறுப்பு. மரியாதையான பேச்சு. "மாடிப்படியில விழுந்துட்டா மேடம். சொல்லவே இல்ல."

சுத்தியல் எலும்பு முனையைப் பிடித்து இழுத்து நேராக்கினார். நான் மானிட்டரைப் பார்த்தேன். நாடி எழுபத்தெட்டு. மறுபடியும் இழுத்தார். எழுபத்தெட்டு. அவள் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "அதுல ஒரு இறக்கை வளைஞ்சிருக்கு" என்றாள்.

இருபது வருஷமாக மயக்க மருந்து கொடுக்கிறேன். இப்படி ஓர் எழுபத்தெட்டைப் பார்த்ததில்லை.

வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கின் ஓரமெல்லாம் கடித்த தழும்பு. இடது சுண்டுவிரலில் நுனி இல்லை. உள்ளங்கை இரண்டிலும் பழைய தீக்காயம். தோல் காகிதம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. "வேர்க்குமா உனக்கு?" என்று கேட்டேன். "வேர்க்கறதுன்னா எப்படி இருக்கும்னே தெரியாது டாக்டர்."

மார்ச் 4, புதன்

சுத்தியல் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு உங்களுக்கு லீவு மேடம். வலியே தெரியாத பொண்ணு. நான் பாட்டுக்குத் துளை போட்டுக் கம்பி மாட்டிட்டுப் போறேன்."

"காது கேக்கும்ல அவளுக்கு?"

"பாட்டு போட்டுவிடலாம்."

"உங்க டிரில்லுக்கு மேல எந்தப் பாட்டு கேக்கும்?"

சிரித்தார். ஆனால் நகரவில்லை. அவர் சொன்னதைச் செய்கிற மயக்க டாக்டர்களும் இருப்பார்கள். வலி இல்லை என்றால் நமக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துவிடலாம். நான் விடவில்லை. தன் எலும்பில் ஓட்டை போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அந்த அதிர்வு தாடை வரைக்கும் ஏற, ஒரு பெண் படுத்திருக்க வேண்டுமா?

கஷ்டம் வேறு இடத்தில். எங்கள் தொழிலில் வலிதான் துப்புக் கொடுக்கும். மயக்கம் போதவில்லை என்றால் கத்தி பட்டதும் நாடி எகிறும், ரத்த அழுத்தம் ஏறும். வாய் திறக்காமலே நோயாளி "இன்னும் கொடு" என்று சொல்லிவிடுவார். இவள் சொல்ல மாட்டாள். உள்ளே முழுசாக விழித்துக்கொண்டு கிடந்தாலும் எண் எழுபத்தெட்டிலேயே நிற்கும். அதனால் ஸ்டோர் ரூமில் தூசி தின்றுகொண்டிருந்த மூளை அலைக் கருவியைத் துடைத்து எடுத்து வந்து நெற்றியில் ஒட்டினேன். கண்ணில் களிம்பு போட்டு மூடினேன். கண்ணில் தூசி உரசினால்கூட இவளுக்குத் தெரியாதே. குதிகால், முழங்கை, பிடரி எல்லாவற்றுக்கும் கீழே பஞ்சு வைத்தேன்.

பாதியில் உடம்பு சுட ஆரம்பித்தது. வியர்க்காத உடம்பு, சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? முப்பத்தெட்டரை. முப்பத்தொன்பது. அறையின் ஏசி இன்றைக்கென்று மூச்சு வாங்கியது. பெரிய சிஸ்டர் ஈரத் துணியை விரித்துப் போர்த்தி, அக்குளில் ஐஸ் கட்டி வைத்து, தானே ஒரு அட்டையால் விசிறினார். நாற்பதைத் தொடாமல் இறங்கியது.

சுத்தியல் கடைசிக் கம்பியை முறுக்கி முடித்துவிட்டு, "சரி, நீங்க இருந்தது நல்லதுதான்" என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய விஷயம்.

மார்ச் 7, சனி

அவள் நோய் பற்றிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறவியிலேயே வலியும் வியர்வையும் இல்லாத நிலை. அடி பட்டதே தெரியாமல் காயம் ஏற்படலாம். எலும்பு முறிவு அடிக்கடி நேரலாம். இரண்டு பக்கம், கையெழுத்து, முத்திரை. இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்திருக்கிறேன். "பிடிவாதக்காரி" என்றே அவளை வளர்த்திருக்கிறார்கள். புருஷன் வீட்டில் கூப்பிடுவது "மரக்கட்டை".

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். "போதும் அக்கா, இப்படிப் பேசினா உன் நோயாளிக்கு ஊசியே வேண்டாம், தானா மயங்கிடுவாங்க" என்றாள்.

மார்ச் 21, சனி

டிஸ்சார்ஜ். காலில் வெளிக்கம்பிச் சட்டத்தோடு போனாள். மெக்கானிக் என் அறைக்கு வந்து கும்பிட்டான். "அந்த லெட்டரோட காப்பி ஒண்ணு கிடைக்குமா மேடம்? பத்திரமா வெச்சுக்கறேன்."

கொடுத்தேன்.

மார்ச் 25, புதன்

காவல் நிலையத்திலிருந்து பெண் இன்ஸ்பெக்டர் போன். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவன்மேல் புகார் கொடுத்திருந்தார்களாம், இரும்புக் கம்பியால் அடிக்கிறான் என்று. எனக்குத் தெரியவே தெரியாது. "மூடிட்டோம் மேடம். நீங்களே எழுதியிருக்கீங்களே, எலும்பு தானா உடையும்னு."

தானாக உடையும் என்று நான் எங்கே எழுதினேன்?

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். "அடிக்கடி நேரலாம்." அதுவே போதும் அவனுக்கு.

இன்ஸ்பெக்டரிடம் மறுபடியும் பேசினேன். "அந்தப் பொண்ணே விழுந்தேன்னுதான் சொல்லுது மேடம். நான் என்ன பண்ண?"

ஏப்ரல் 27, திங்கள்

வந்துவிட்டாள். உயிரோடு.

இடது முன்கை, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, சரியாக நடுவில் உடைந்திருக்கிறது. முகத்துக்கு முன்னால் கையைத் தூக்கித் தடுத்தால்தான் அந்த இடத்தில் அப்படி உடையும். முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு. ஒன்றில்லை, மூன்று. முக்கோணம் முக்கோணமாக, தோல் உரிந்து, ஓரம் கறுத்து. "தெரியாம சாஞ்சிட்டா மேடம்" என்கிறான் அந்த — எழுத வரவில்லை. இஸ்திரிப் பெட்டிமேல் முதுகை வைத்து மூன்று தடவை யார் சாய்வார்கள்? அவன் என் கண்ணைப் பார்த்தே சொன்னான். என் கடிதம் பிளாஸ்டிக் உறையில் அவன் சட்டைப் பையில் இருந்தது.

அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பெரிய சிஸ்டர் கதவை மூடினார். நான் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளே பேசினாள்.

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு அறை விட்டாரு. நான் சும்மா பாத்துட்டு நின்னேன். அவருக்குப் பயமாயிடுச்சு. அப்புறம் வெறி. அழுடின்னுவாரு. ஒரு தடவையாச்சும் நெசமா அழுடின்னுவாரு. அழுதா விட்டுடுவாருன்னு நானும் கத்திப் பழகினேன் டாக்டர். பக்கத்து வீட்டக்கா பிரசவத்துல கத்தினதைக் கேட்டு, அதே மாதிரி. ஆனா எப்பக் கத்தணும்னு தெரியாது. சில சமயம் அடி விழறதுக்கு முன்னாடியே கத்திடுவேன். முதுகுல வெச்சாருன்னா சூடா இல்லையான்னே தெரியாது. வாடை வந்ததும் கத்துவேன். லேட்டாயிடும். 'நடிக்கறியா'ன்னு இன்னும் ரெண்டு."

கணக்கு வாத்தியார் விடைத்தாள் திருத்திய கதையைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

கைக்கு மாவுக்கட்டு. முதுகுக்காயத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய மயக்கம் கொடுத்தேன். சுத்தியல் அச்சு மூன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

மாலை அவளுடைய அண்ணன் வந்தான். வாழைப்பழத்தைக் கட்டிலில் வைத்தான். "உனக்கு என்ன, வலிக்கவா செய்யுது? கொஞ்சம் பொறுத்துப் போனா என்ன?"

பெரிய சிஸ்டர் பழத்தை எடுத்து அவன் கையிலேயே திணித்து, "வழி அந்தப் பக்கம்" என்றார்.

மே 4, திங்கள்

புதிதாக எழுதினேன், நாலு பக்கம். வலி தெரியாத நிலை இந்தக் காயங்களுக்குக் காரணம் அல்ல. இவை அடித்த காயம், சுட்ட காயம். என் முதல் கடிதம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது. சுத்தியலும் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து அவளிடம் வாக்குமூலம் வாங்கினார். இந்தத் தடவை அவள் விழுந்தேன் என்று சொல்லவில்லை.

மே 5, செவ்வாய்

கண்ணுக்குள் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதினால்தான் நிற்கும்.

பார்வையாளர் நேரம், நாலரை மணி. நான் ஒன்பதாம் கட்டில் பக்கத்தில் நின்று அவளுடைய ஜுரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் உள்ளே வந்தான். வார்டு வாசலில் யாரும் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை? நான் ஏன் வாசலில் ஆள் போடச் சொல்லவில்லை?

கட்டிலோரம் வந்து மெதுவாகத்தான் பேசினான். "புகாரை வாங்கிடு." அவள் தலையை ஆட்டினாள், முடியாது என்று. "சரி. ஒரு தடவை நெசமா அழு. நான் போயிடறேன்." அவள் அவனைப் பார்த்தாள். அழவில்லை. நடிக்கவும் இல்லை.

பேன்ட் பையிலிருந்து லாரி சீட்டுக்கு ரெக்சின் துணி வெட்டுகிற கத்தியை எடுத்தான். முகத்தைப் பார்த்து வீசினான். அவள் வலது கையால் கத்தியின் அலகைப் பிடித்தாள்.

நானாக இருந்தால், யாராக இருந்தாலும், விரல் அறுபட்ட நொடியே விட்டிருப்போம். உடம்பே விட்டுவிடும். அவள் விடவில்லை. அவன் இழுத்தான். அலகு உள்ளங்கைக்குள் இறங்கியது, ரத்தம் மணிக்கட்டு வழியாகப் போர்வையில் கொட்டியது. என் சட்டையிலும். அவன் இழுக்க இழுக்க அவள் இன்னும் இறுக்கினாள். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். பயந்துவிட்டான். கத்தியை விட்டிருக்கலாம். விடவில்லை, அவனும்.

அவன் முன்கை கட்டிலின் இரும்புக் கம்பிக்கு மேலே கிடந்தது. அவள் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி அதன்மேல் இறக்கினாள். ஒன்று. கட்டு விரிசல் விட்டது. இரண்டு. மூன்றாவதில் அவன் எலும்பு போன சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கத்தி கீழே விழுந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. நாலு. ஐந்து. தன் உடைந்த கையால், அது மறுபடி உடைவது தெரியாமல், அடித்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. பரோட்டா மாவு அடிப்பது மாதிரி. பெரிய சிஸ்டர் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்து, "போதும்மா, போதும்டா கண்ணு, விடு" என்று காதில் சொன்ன பிறகுதான் நின்றாள். அவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்காது. தெரியாதுதானே?

அவன் தரையில் சுருண்டு கிடந்தான். முன்கையில் எலும்பு இரண்டும் தோலுக்கு வெளியே.

நான் என்ன செய்தேன்? ஜுரக் கணக்கு அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

மே 6, புதன்

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியையும் எழுதியே ஆக வேண்டும். தங்கைகூட இந்த நோட்டைத் தொடமாட்டாள். இங்கே பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

நேற்று இன்னொரு மயக்க டாக்டர் விடுப்பு. நான் ஒருத்திதான். அவள் கையில் ரத்தக்குழாய் அறுந்திருந்தது, தசைநார்கள் நாலு போயிருந்தன. அவள்தான் முதலில். இதில் தவறில்லை. அவனை ஸ்ட்ரெச்சரில் அறுவை அறைக்கு வெளியே நடைவழியில் கிடத்தியிருந்தார்கள், ஒரு போலீஸ்காரர் காவலுடன். கத்திக்கொண்டிருந்தான். அப்படி ஒரு கத்தல். நடைவழி முழுவதும்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குப் பெரிய சிஸ்டர் வந்து கேட்டார்: "டாக்டர், அந்த ஆளுக்கு வலிக்கு ஊசி எழுதறீங்களா?" நான், "இருக்கட்டும்" என்றேன்.

ஐந்து இருபதுக்கு மறுபடி கேட்டார். "பாக்கறேன்" என்றேன்.

வாயால் சொன்னால் போதும். மருந்தின் பெயர், அளவு. இரண்டு விநாடி வேலை. எனக்கு நேரம் இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். நேரம் இருந்தது. நான் அவன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, மருந்துகளை ஒவ்வொன்றாக, வழக்கத்தைவிட நிதானமாக, சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதிவிட்டேன். பிடித்திருந்தது.

அவள் மேஜைமேல் படுத்திருந்தாள். கையைச் சுற்றி இறுக்கக் கட்டியிருந்தோம். தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"அது அவரா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் உன்னிப்பாகக் கேட்டாள். "நான் மூச்சை உள்ள இழுத்துட்டுக் கத்துவேன். அவரு மூச்சு விடறப்பவே கத்தறாரு. நடுவுல அறுந்து அறுந்து போகுது. அதான் கண்டுபிடிச்சிருக்காரு, நான் கத்தறது பொய்யுன்னு."

அப்புறம் சொன்னாள்: "போதும் டாக்டர். அவருக்கு ஏதாச்சும் குடுத்துருங்க."

அப்போது மணி ஐந்து முப்பது. நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன், சொல்லவில்லை. அவளைத் தூங்க வைத்தேன். கண்ணில் களிம்பு போட்டேன். கருவியை ஒட்டினேன். ஐந்து நாற்பத்தைந்துக்குத்தான் சிஸ்டரைக் கூப்பிட்டு மருந்தின் பெயரைச் சொன்னேன்.

நாற்பது நிமிடம்.

எட்டு மணிக்கு அவள் கையை முடித்தார் சுத்தியல். அதன் பிறகு அவன். அவனுக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி.

மே 7, வியாழன்

தங்கையிடம் சொன்னேன். "நல்லா வேணும் அவனுக்கு" என்றாள். சுத்தியலிடம் சொன்னேன். "நானா இருந்தா நாலு மணி நேரம் விட்டிருப்பேன்." எல்லோரும் முதுகைத் தட்டிக்கொடுக்கிறார்கள்.

மே 8, வெள்ளி

பெரிய சிஸ்டர் மட்டும் தட்டிக்கொடுக்கவில்லை. நர்ஸுகள் நேரம் குறிக்கிற நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவர் கையெழுத்தில்: 5.05, டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது. 5.20, தெரிவிக்கப்பட்டது. 5.45, ஊசி.

"வக்கீல் இதைத்தான் முதல்ல கேப்பான். வேணும்னா நேரத்தை மாத்தி எழுதிடறேன் டாக்டர். ஒரு தடவை. உங்களுக்காக இல்ல, அந்தப் பொண்ணுக்காக. நீங்கதான் பெரிய சாட்சி."

முப்பது வருஷமாக ஒரு எழுத்தை மாற்றாத கை அது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 9, சனி

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சரி" என்று நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார். நிம்மதியா, கோபமா? முகத்தில் தெரியவில்லை.

மருத்துவமனைத் தலைவரிடம் நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன்.

மே 19, செவ்வாய்

மூன்று மாதம் பணியிடை நீக்கம். விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஒருவர் கேட்டார், "பிஸியா இருந்தீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமே மேடம். ஏன் இப்படிப் பிடிவாதம்?"

பிடிவாதம் ஒன்றும் இல்லை. பிஸியாக இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 11, வியாழன்

வீட்டில் இருக்கிறேன். தங்கை பள்ளிக்குப் போனதும் வீடு என்மேல் உட்கார்ந்துகொள்கிறது. எல்லா அலமாரியையும் அடுக்கியாயிற்று. கலைத்து மறுபடி அடுக்கியாயிற்று.

அவளைப் பெண்கள் விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். பார்க்கப் போனேன். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. இடது கை மறுபடி உடைந்து, தகடு வைத்துச் சேர்ந்துகொண்டிருக்கிறது. வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். "நான் சொன்னப்புறமும் குடுக்கலையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

மடங்காத இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வருவீங்களா?" என்றாள்.

நவம்பர் 17, செவ்வாய்

நீதிமன்றம். அவன் வக்கீல் என்னைக் கூண்டில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்.

"துடிச்சிட்டிருந்த ஒரு நோயாளிக்கு நீங்க வேணும்னே மருந்து குடுக்காம விட்டீங்க. சரியா?"

"சரி."

அவர் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருக்கவில்லை போல. மறுப்பேன் என்று நினைத்திருப்பார். காகிதத்தைப் புரட்டினார். "அப்ப, அவர்மேல உங்களுக்கு வெறுப்பு."

"அன்னிக்கு இருந்தது. எலும்பு உடைஞ்சது மார்ச்லயும் ஏப்ரல்லயும். எக்ஸ்ரேக்கு வெறுப்பு கிடையாது."

அதற்குப் பிறகு அவளை அழைத்தார்கள். வக்கீல் குரலை இறக்கி, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார்: "அவர் அடிச்சதா சொல்றப்ப உனக்கு வலிச்சுதாம்மா?"

"இல்லைங்க."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்லைங்க."

அவர் நீதிபதியைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தீர்களா என்கிற மாதிரி. அவள் பேச்சை முடிக்கவில்லை. "வாடை வந்துச்சு. என் தோலு கருகற வாடை. அது என்னுதுன்னு தெரிய கொஞ்ச நேரம் ஆகும். முதல்ல அடுப்புல ஏதோ தீயுதுன்னு ஓடுவேன்."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். மறுபடி திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

டிசம்பர் 8, செவ்வாய்

தீர்ப்பு. ஒன்பது வருஷம்.

பெரிய சிஸ்டர் டீ வாங்கிக் கொடுத்தார். இருவரும் நின்றபடியே குடித்தோம்.

பிப்ரவரி 10, புதன்

அறுவைப் பட்டியலில் அவன் பெயர். சிறையிலிருந்து அழைத்து வருகிறார்கள். முன்கையில் ஓர் எலும்பு சேரவே இல்லை, தகட்டை எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். இன்னொரு மயக்க டாக்டர், "நாளைக்கு நான் பாத்துக்கறேன், நீங்க பிரசவப் பக்கம் போங்க" என்றார். நல்ல மனுஷர்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 11, வியாழன்

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். இளைத்திருக்கிறான். காவலர் தோளை அழுத்தினார்.

"வேற டாக்டர் இல்லையா?" என்று பெரிய சிஸ்டரைக் கேட்டான். என்னைக் கேட்கவில்லை.

"இருக்காரு" என்று நானே சொன்னேன். "வேணும்னா சொல்லு, அவரைக் கூப்பிடறேன்."

சட்டைப் பையில்லாத அந்தப் பச்சை அங்கியைக் கையால் பிசைந்தான். வேண்டாம் என்று தலையாட்டினான். எதற்காக வேண்டாம் என்றான், அதுவும் தெரியவில்லை.

சிறையில் சளி பிடித்து நெஞ்சு சரியில்லை. அதனால் முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரத்துப்போக வைக்கலாம் என்று முடிவு செய்தேன். கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே ஒரு ஊசி. கால் மணி நேரத்தில் தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஐஸ் வைத்தேன், குத்திப் பார்த்தேன். "தெரியுதா?" "இல்ல." அவன் கை மேஜையிலிருந்து நழுவித் தொங்கியது, அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் எடுத்து வைத்தபோது யாருடைய கை என்று பார்ப்பவன்போலப் பார்த்தான்.

சுத்தியல் தோலைத் திறந்தார். திரை கட்டியிருந்தோம். அவன் அமைதியாகத்தான் கிடந்தான். டிரில் ஓட ஆரம்பித்ததும் மானிட்டரில் எண் ஏறியது. நூறு. நூற்றிருபது. நூற்று நாற்பது. மூச்சு வாங்கினான். நெற்றி முழுவதும் வியர்வை.

குனிந்து கேட்டேன். "வலிக்குதா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"ஒண்ணுமே இல்ல." திரையைப் பார்த்தான். "என்னை என்னமோ பண்றாங்க. எங்க பண்றாங்கன்னு தெரியல. சத்தம் மட்டும் கேக்குது. மேடம் — மேடம், என்னால முடியல."

சுத்தியல் டிரில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பெரிய சிஸ்டரும் பார்த்தார். வலி இல்லை. விதிப்படி நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இன்னும் ஐந்து துளை பாக்கி.

தூக்கத்துக்கான சிரிஞ்ச் மேஜையில் தயாராக இருந்தது. நெஞ்சு தாங்குகிற அளவு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஆக்சிஜன் முகமூடியை வைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நூற்றுப்பத்து. தொண்ணூறு. எழுபத்தாறு. மீதி ஒரு மணி நேரமும் அவன் மூச்சைக் கையில் பிடித்தபடி நின்றேன். விரல் மரத்துவிட்டது. சாயங்காலம் சாப்பாட்டில் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 14, ஞாயிறு

விடுதிக்குப் போனேன். அவளுக்குப் பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்கிற வேலை கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. ஊர், நேரம், நடைமேடை எண். மேலாளர் குரலைக் கேட்டுவிட்டு அன்றைக்கே எடுத்துக்கொண்டாராம். "கத்தாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குதாம் டாக்டர்" என்று சொல்லிச் சிரித்தாள். இவ்வளவு நாளில் அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தது இன்ஸ்பெக்டர் மூலம் தெரிந்திருக்கிறது.

"நீங்கதானா குடுத்தீங்க?"

"ஆமா."

"கத்தினாரா?"

"இல்ல. தூங்கிட்டான்."

"சரி" என்றாள்.

பிறகு புதுச் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் என் மடியில் தூக்கி வைத்தாள். மணிக்கணக்கில் நின்றிருக்கிறாளாம், அடியில் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் விரலாகப் பார்த்தேன். இடது குதிகாலில் ஒரு ஸ்டேப்ளர் பின் ஏறியிருந்தது.

எடுத்தேன். மருந்து வைத்தேன். அவள் அதற்குள் நாளைக்கு எந்த ஷிப்ட் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.